எளிய பதிப்பு பழகிய ஆட்டக்காரருக்கு ஏற்றதா? வாங்குமுன் எடைபோடும் முறை

பெரிய வியூகப் பலகை விளையாட்டு ஒன்று பெயர் வாங்கிவிட்டால், சில ஆண்டுகளில் அதன் எளிய பதிப்பும் கடைக்கு வந்துவிடுகிறது. உவே ரோசன்பெர்க் 2007-இல் வெளியிட்ட பண்ணை ஆட்டமான அக்ரிகோலாவுக்கு 2012-இல் இருவர் ஆடும் சிறு பதிப்பும், 2016-இல் குடும்பப் பதிப்பும் வந்தன. ஆலன் ஆர். மூன் வடிவமைத்து 2004-இல் வெளிவந்த, ரயில் பாதைகளைப் பிடிக்கும் ஆட்டமான டிக்கெட் டு ரைடு, சிறுவருக்கான ஃபர்ஸ்ட் ஜர்னியாகவும், நியூயார்க், லண்டன், ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களின் பெயர் தாங்கிய குறும்பதிப்புகளாகவும் கிளைத்தது. 2012-இல் வந்த, நிலத்துக்காகப் போட்டியிடும் டெர்ரா மிஸ்டிகா, பத்தாண்டு கழித்து டெர்ரா நோவா என்று சுருங்கியது. மூல ஆட்டத்தில் ஊறியவர் இப்பெட்டிகளைக் கையில் எடுக்கும்போது எழும் ஐயம் ஒன்றே: புதியவர்களுக்காகக் குறைத்த ஆட்டத்தில் தமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

விதிக் கையேட்டில் எத்தனை பக்கம் குறைந்தது என்பதைக் கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. பழகிய ஆட்டக்காரர் விதிகளின் எண்ணிக்கைக்காக ஓர் ஆட்டத்தை விரும்புவதில்லை. தம் முறை வந்ததும் இரண்டு நல்ல வழிகளில் ஒன்றைக் கைவிட நேர்கிறதே, அந்தத் தவிப்புக்காகவே விரும்புகிறார். எளிய பதிப்பு அந்தத் தவிப்பைக் காப்பாற்றியிருந்தால் அவருக்கு அது பிடிக்கும். அதைத் தூக்கியெறிந்திருந்தால், படங்களும் மரக்காய்களும் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டாம் ஆட்டத்துக்குப் பிறகு பெட்டி அலமாரியை விட்டு இறங்காது. எந்தப் பெட்டி எந்த வகை என்பதை வாங்குமுன்னரே பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். அதற்கான வழியைக் கீழே விளக்குகிறேன்.

மூல ஆட்டத்தின் நெருக்கடியை எழுதிக்கொள்ளுங்கள்

எளிய பதிப்பைப் பற்றி எதையும் படிப்பதற்கு முன், உங்களுக்கு நன்கு தெரிந்த மூல ஆட்டத்தில் உங்களை அதிகம் யோசிக்க வைக்கும் இடம் எது என்று ஓரிரு வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். ஆட்டத்தின் கதையையோ கருவிகளையோ எழுத வேண்டாம். நீங்கள் எதற்கும் எதற்கும் இடையில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

அக்ரிகோலாவை எடுத்துக்கொண்டால், இரண்டு பேர் கொண்ட குடும்பத்தோடு 14 சுற்றுகளைத் தொடங்குகிறோம். ஒரு செயலிடத்தில் ஒருவர் ஆளை வைத்துவிட்டால் அந்தச் சுற்றில் வேறெவரும் அங்கே வைக்க முடியாது. 4, 7, 9, 11, 13, 14 ஆகிய சுற்றுகளின் முடிவில் அறுவடை வருகிறது. அப்போது குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு உணவு கொடுத்தாக வேண்டும், குறையும் ஒவ்வோர் உணவுக்கும் மூன்று புள்ளி கழியும். முதல் அறுவடைக்கும் இரண்டாம் அறுவடைக்கும் நடுவில் மூன்று சுற்றுகள் கிடைக்கின்றன, கடைசி இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுற்றுதான் கிடைக்கிறது. ஆகவே பண்ணையை வளர்ப்பதா, இப்போதைக்குப் பசியை அடக்குவதா என்பதுதான் இதன் நெருக்கடி. டிக்கெட் டு ரைடில் இன்னும் இரண்டு அட்டைகளை எடுத்துக் கையிருப்பை வளர்ப்பதா, எதிராளி பிடித்துவிடுவாரோ என்று அஞ்சிப் பாதையை இப்போதே பிடிப்பதா என்பது நெருக்கடி. டெர்ரா மிஸ்டிகாவில் எதிராளிக்கு அருகில் கட்டினால் வணிக நிலையத்துக்கான நாணயச் செலவு பாதியாகக் குறையும், அதே சமயம் விரிவடையும் நிலம் பறிபோகும். அருகில் போவதா விலகி நிற்பதா என்பதே அங்கே ஆட்டம் முழுவதும் நம்மைத் துரத்தும் கேள்வி.

இந்த வாக்கியம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை மறக்கக் கூடாது. அக்ரிகோலாவை அதன் தொழில் அட்டைகளுக்காக, அதாவது கையில் வந்த ஏழு தொழில்களையும் ஏழு சிறு மேம்பாடுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் இன்பத்துக்காகவே ஆடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அட்டைகளே நீக்கப்பட்ட குடும்பப் பதிப்பு சப்பென்று இருக்கும். பசியின் நெருக்கடியை விரும்புபவருக்கோ அதே பதிப்பு முழுச் சுவையோடு இருக்கும். நண்பர் ஒருவர் நன்றாக இல்லை என்று சொன்னால், மூல ஆட்டத்தில் அவருக்கு எது பிடித்திருந்தது என்று கேட்காமல் அவர் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீக்கப்பட்டவற்றை வகை பிரியுங்கள்

அடுத்து எளிய பதிப்பின் விதிக் கையேட்டை எடுங்கள். பெரும்பாலான பதிப்பகங்கள் கையேடுகளைத் தங்கள் தளத்திலேயே பி.டி.எஃப். வடிவில் இலவசமாக வைத்திருக்கின்றன. பழகியவருக்கு அதைப் படிக்க அரை மணி நேரம் போதும். படித்துக்கொண்டே, மூலத்தில் இருந்து இதில் இல்லாமல் போனவற்றைக் குறித்து வாருங்கள். பிறகு ஒவ்வொன்றையும் பார்த்து, நீங்கியது கை வேலையா, தேர்வா, வகைவகையான தொடக்கமா (அதாவது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் தொடக்க அமைப்பா) என்று கேளுங்கள்.

கை வேலை என்று நான் சொல்வது, யோசிக்க எதுவும் இல்லாமல் செய்தே தீர வேண்டியவற்றை: அடுக்குதல், எண்ணுதல், எடுத்து வைத்தல், அட்டவணையைப் பார்த்தல். இவை நீங்கினால் பழகியவருக்கு லாபமே. இதற்கு நான் அறிந்த சிறந்த சான்று, அரக்கர்களோடு போரிடும் ஆட்டமான குளூம்ஹேவன். ஐசக் சில்ட்ரஸ் 2017-இல் வெளியிட்ட மூலப் பெட்டியின் எடை பத்து கிலோவை நெருங்கும். அதில் 95 காட்சிகளும் 17 பாத்திர வகைகளும் உள்ளன. ஒவ்வொரு காட்சிக்கும் தரைப் பலகைத் துண்டுகளைத் தேடி எடுத்துப் பொருத்தி, அரக்கர்களை அடுக்கி முடிப்பதற்குள்ளேயே மாலைப் பொழுதின் ஒரு பகுதி கரைந்துவிடும். 2020-இல் வந்த அதன் எளிய பதிப்பான ஜாஸ் ஆஃப் த லயன் இந்தத் துண்டுகளை முற்றாக நீக்கிவிட்டு, காட்சிப் புத்தகத்தின் பக்கத்தையே விரித்து வைத்து அதன் மேல் ஆடச் செய்தது. காட்சிகள் 25, பாத்திரங்கள் நான்கு. முதல் ஐந்து காட்சிகள் விதிகளைப் படிப்படியாகக் கற்றுத் தருகின்றன. ஆனால் அந்த ஆட்டத்தின் உயிரான தேர்வை அது தொடவே இல்லை. கையிலிருந்து இரண்டு அட்டைகளைத் தேர்ந்து, ஒன்றின் மேல் பாதியையும் மற்றொன்றின் கீழ்ப் பாதியையும் பயன்படுத்த வேண்டும். ஆட்டம் நகர நகரக் கையில் உள்ள அட்டைகள் தேய்ந்துகொண்டே போகும். அட்டை தீர்ந்தால் பாத்திரம் களைத்து விழும். இது அப்படியே இருப்பதால்தான், மூலத்தைப் பல மாதம் ஆடியவர்களும் இந்தச் சிறிய பெட்டியை விரும்பி ஏற்றார்கள். இதில் வரும் நான்கு பாத்திரங்களையும் பெரிய குளூம்ஹேவனுக்குள் கொண்டுபோய் ஆட முடியும் என்பது பழகியவருக்குக் கூடுதல் ஆதாயம்.

தேர்வு நீங்குவது இதற்கு நேர்மாறானது. அந்துவான் பௌசாவின் அட்டை ஆட்டமான 7 வொண்டர்ஸ் 2010-இல் வந்தது. அதில் ஒவ்வொரு யுகத்திலும் ஏழு அட்டைகள் கையில் வரும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பக்கத்திலுள்ளவருக்குத் தள்ளிவிட வேண்டும். யுகத்துக்கு ஆறு என்று மூன்று யுகங்களில் 18 முறை இந்தத் தேர்வு வருகிறது. எனக்கு வேண்டியதை எடுத்தால் அவருக்கு வேண்டியதை நானே கையளிக்கிறேன் என்ற உறுத்தல் ஒவ்வொரு முறையும் உடன் இருக்கும். அதே வடிவமைப்பாளர் 2021-இல் கொண்டுவந்த எளிய பதிப்பான 7 வொண்டர்ஸ்: ஆர்கிடெக்ட்ஸில் கை அட்டைகளே கிடையாது. இடப்பக்கத்துக் கட்டு, வலப்பக்கத்துக் கட்டு, நடுவில் கவிழ்த்து வைத்த கட்டு என்று மூன்று கட்டுகளில் ஒன்றின் மேலட்டையை எடுக்க வேண்டும்; அவ்வளவுதான் ஒரு முறை. பூனைக் காயை வைத்திருப்பவர் நடுக்கட்டின் மேலட்டையை எட்டிப் பார்க்கலாம் என்பது நல்ல சிறு சேர்க்கை. ஆனாலும் பெரும்பாலான முறைகளில் எடுக்க வேண்டிய அட்டை பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. ஏழு பேர் அரை மணி நேரத்தில் ஆடி முடிக்க இது நன்று. மூலத்தில் அந்தத் தள்ளிவிடும் உறுத்தலை விரும்பியவர் இதில் அதைத் தேடினால் கிடைக்காது.

ஆக, கையேட்டை மூடியதும் உங்கள் குறிப்பில் கை வேலைப் பக்கம் நீண்டும் தேர்வுப் பக்கம் குட்டையாகவும் இருந்தால் பெட்டியை நம்பலாம். நீங்கள் முதலில் எழுதிய நெருக்கடி வாக்கியமே தேர்வுப் பக்கத்தில் வந்து நின்றால், அத்துடன் விட்டுவிடலாம்.

ஒரே குடும்பத்தின் இரண்டு பெட்டிகள்

மேலே சொன்னதை அருகில் வைத்துப் பார்க்க டிக்கெட் டு ரைடு மிகவும் வசதியானது, ஏனென்றால் அதன் எளிய பதிப்புகள் இரண்டு வெவ்வேறு வழிகளில் எளிமையாக்கப்பட்டவை.

மூல ஆட்டத்தில் ஒருவருக்கு 45 ரயில் பெட்டிகள். யாருடைய கையிருப்பாவது இரண்டு அல்லது அதற்கும் கீழே குறைந்தால் இறுதிச் சுற்று தொடங்கும்; அதாவது ஒருவர் 43 பெட்டிகளையேனும் வைத்தாக வேண்டும். தொடக்கத்தில் நான்கு அட்டைகள் கையில் இருக்கும், முறைக்கு இரண்டு எடுக்கலாம். பெட்டிக்கு ஓர் அட்டை வீதம் மீதி 39 அட்டைகளை எடுக்கக் குறைந்தது 20 முறை, மிக நீண்ட பாதையே ஆறு பெட்டிதான் என்பதால் பாதைகளைப் பிடிக்கக் குறைந்தது எட்டு முறை, ஆக 28 முறைகளுக்கு முன்னால் ஆட்டத்தை முடிக்க வழியே இல்லை. நடைமுறையில் இன்னும் நீளும்.

2019-இன் லண்டன் பதிப்பில் ஒருவருக்கு 17 பேருந்துகள் மட்டுமே. நீண்ட பாதை நான்கு. தொடக்கத்தில் இரண்டு அட்டைகள். 15 பேருந்துகளை வைத்தால் முடிவைத் தூண்டிவிடலாம். அதற்கு ஏழு முறை அட்டை எடுத்து நான்கு முறை பாதை பிடித்தால் போதும், மொத்தம் 11. திறந்து வைத்த ஐந்து அட்டைகளில் தேர்ந்தெடுப்பது, பாதையைப் பிடிப்பது, இரண்டு இடங்களை இணைக்கச் சொல்லும் பயணச் சீட்டு ஒன்றைப் புதிதாக எடுப்பது என்னும் மூன்று செயல்களும் மாறவில்லை. ஆனால் 28-இல் ஒன்றாக இருந்த முறை 11-இல் ஒன்றாகிவிட்டதால், ஒரு முறையை வீணாக்கினால் ஆட்டத்தின் பதினோரில் ஒரு பங்கு போய்விடுகிறது. மூலத்தில் பழகியவர்கள் அட்டைகளைச் சேர்த்துக்கொண்டே இருந்து கடைசியில் வரிசையாகப் பாதைகளைப் பிடிக்கும் வழக்கம் உடையவர்கள். லண்டனில் அந்த வழக்கத்தோடு உட்கார்ந்தால், எதிராளியிடம் ஆறு பேருந்துகள் மிஞ்சியிருக்கும்போது அவர் ஒரே ஒரு நான்கு நீளப் பாதையைப் பிடித்து முடிவை அறிவித்துவிடுவார். உங்கள் கையில் ஒன்பது அட்டைகளும் முடியாத இரண்டு சீட்டுகளும் கிடக்கும். ஆகவே எதிராளியின் பேருந்துகளை ஒவ்வொரு முறையும் எண்ணுவது இங்கே கட்டாயமாகிறது. கூடவே, ஒரு வட்டாரத்தைச் சேர்ந்த எல்லா நிறுத்தங்களையும் உங்கள் பாதைகளால் இணைத்துவிட்டால் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்ற புதிய விதி ஒன்றும் இருக்கிறது. சீட்டுக்கு உதவாத ஒரு சிறு பாதையைக் கூட இதற்காகப் பிடிக்கலாமா என்று யோசிக்க வைக்கும் விதி அது.

2016-இன் ஃபர்ஸ்ட் ஜர்னியோ வேறு வழியில் போனது. திறந்து வைத்த அட்டைகள் கிடையாது, கட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எடுக்க வேண்டும். புள்ளிக் கணக்கு கிடையாது, ஆறு சீட்டுகளை முதலில் முடிப்பவர் வென்றார். சீட்டு பிடிக்கவில்லை என்றால் ஒரு முறையைச் செலவழித்து மாற்றிக்கொள்ளலாம், முடியாத சீட்டுக்குத் தண்டனையும் இல்லை. எந்த நிறத்தை எடுத்தால் எதிராளிக்கு என் திட்டம் தெரிந்துவிடும், எந்தச் சீட்டை வைத்துக்கொண்டால் துணிச்சல், எதை வைத்துக்கொண்டால் பேராசை என்ற இரண்டு பெரிய தேர்வுகளும் இதில் போய்விட்டன. சிறுவருக்காக உருவாக்கிய ஆட்டம் என்ற அளவில் இது மிகச் சரியான வேலை. குழந்தையோடு உட்காரும் பெரியவருக்கு அந்தக் குழந்தையின் முகம்தான் இதில் சுவை. பெரியவர்கள் மட்டும் ஆடுவதற்காக இதை வாங்க வேண்டியதில்லை. இரண்டு பெட்டிகளும் எளிய பதிப்புகள்தான், இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். ஆட்டத்தைக் குறுக்கியது ஒன்று, தேர்வைக் குறைத்தது மற்றொன்று. பலகை விளையாட்டுகளுக்கான போர்டுகேம்கீக் இணையதளத்தில் ஆட்டங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை வழங்கப்படும் கடின அளவு இந்த வேறுபாட்டைக் காட்டாது என்பதால், அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

எத்தனை ஆட்டம் தாங்கும்?

மூன்றாவதாக நான் சொன்ன வகைவகையான தொடக்கம் நீங்கியிருந்தால், முதல் சில ஆட்டங்களில் அது தெரியவே தெரியாது. பழகியவருக்குத்தான் பின்னால் உறைக்கும். அக்ரிகோலாவின் இருவர் பதிப்பான ஆல் க்ரீச்சர்ஸ் பிக் அண்ட் ஸ்மால் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. எட்டே சுற்றுகள், ஒருவருக்கு மூன்று ஆட்கள், ஆக 24 செயல்கள். உழவும் விதைப்பும் பசியும் இல்லை. வேலி அடைத்து ஆடு, பன்றி, மாடு, குதிரை வளர்ப்பது மட்டுமே வேலை. எந்த வகை விலங்கும் நான்குக்குக் குறைந்தால் அந்த வகைக்கு மூன்று புள்ளி கழியும். எதிராளி எடுக்க வேண்டிய மரக் குவியலை நான் முந்தி எடுப்பது, குவியல் இன்னும் ஒரு சுற்று வளரட்டும் என்று துணிந்து விட்டுவைப்பது ஆகிய மூல ஆட்டத்தின் சூட்சுமங்கள் இதில் சுத்தமாக எஞ்சியிருக்கின்றன. அந்த அளவில் இது மிகச் சிறந்த சுருக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அடிப்படைப் பெட்டியில் பகடையும் இல்லை, கலைத்துப் போடும் அட்டையும் இல்லை. செயலிடங்களும் கட்டடங்களும் ஒவ்வொரு ஆட்டத்திலும் அவையேதான். எனவே அதே இருவர் வாரந்தோறும் ஆடினால், முதல் இரண்டு சுற்றுகள் இருவருக்கும் மனப்பாடமாகிவிடும். இதை உணர்ந்துதான் புதிய கட்டடங்களைக் கலந்து வைக்கும் விரிவாக்கங்கள் பின்னர் வந்தன. இப்பதிப்பை வாங்கும் பழகிய ஆட்டக்காரர் விரிவாக்கத்தின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது என் பரிந்துரை.

சிறிய பலகை என்றாலே சீக்கிரம் சலித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. சதுரங்கம் போன்ற ஜப்பானிய ஆட்டமான ஷோகியின் பலகை ஒன்பதுக்கு ஒன்பது, காய்கள் 40. அதன் மிக எளிய வடிவமான டோபுட்சு ஷோகி 2008-இல் வந்தது. மூன்றுக்கு நான்கு கட்டங்கள், மொத்தம் எட்டே காய்கள். தொழில்முறை ஆட்டக்காரரான மடோகா கிடாவோ சிறுவருக்காக வகுத்த விதிகள் அவை. அடுத்த ஆண்டே கணினி அதை முழுதாகத் தீர்த்துவிட்டது: இருவரும் பிழையின்றி ஆடினால் இரண்டாவதாக ஆடுபவர் 78-வது நகர்த்தலில் வெல்வார். இதைக் கேட்டு ஆட்டம் செத்துவிட்டது என்று முடிவு கட்டுபவர், 78 நகர்த்தல் நீளத்துக்கு எந்த மனிதராலும் பிழையின்றி ஆட முடியாது என்பதை எண்ண வேண்டும். பிடித்த காயை நம் காயாகத் திரும்ப இறக்கும் ஷோகியின் தனி விதி இதில் இருப்பதால், எட்டுக் காய்களிலேயே பொறிகள் நிறைந்துவிடுகின்றன. கணினிக்குத் தீர்ந்துவிட்டதா என்பதைவிட, உங்கள் எதிராளிக்கும் உங்களுக்கும் தீர்ந்துவிட்டதா என்பதே பயனுள்ள கேள்வி.

டெர்ரா நோவாவை நான் நடுவில் வைப்பேன். மூலத்தின் 14 இனங்கள் பத்தாகவும், ஏழு நிலவகைகள் ஐந்தாகவும், ஆறு சுற்றுகள் ஐந்தாகவும் குறைந்துள்ளன. பூசாரிகளும் நான்கு வழிபாட்டுத் தடங்களும் முற்றிலும் நீங்கிவிட்டன. ஆற்றல் வில்லைகள் கிண்ணத்துக்குக் கிண்ணம் சுழலும் அந்த அழகான பொறியமைப்பு இருக்கிறது, அண்டைவீட்டார் கட்டும்போது நமக்கு ஆற்றல் சேர்வதும் இருக்கிறது, இனங்களின் தனித்திறன்களும் இருக்கின்றன. நிலத்துக்கான போட்டிதான் உங்கள் நெருக்கடி வாக்கியம் என்றால் இது ஏறக்குறைய முழு ஆட்டமே. வழிபாட்டுத் தடங்களில் யார் முந்துவது என்ற போட்டியே உங்களுக்கு உயிர் என்றால் பாதி ஆட்டம் காணாமல் போயிருக்கும். பத்து இனங்கள் இருப்பதால் சலிப்பு விரைவில் வராது.

கையில் ஏற்கெனவே இருக்கிறதா?

பணம் கொடுக்குமுன் இதையும் பார்த்துவிடுங்கள். மூல ஆட்டத்தின் கையேட்டிலேயே எளிய ஆட்டமுறை இருப்பதுண்டு. 2007-இன் அக்ரிகோலாப் பெட்டியில் தொழில் அட்டைகளும் சிறு மேம்பாடுகளும் இல்லாமல் ஆடும் குடும்ப ஆட்டமுறை இருந்தது; அந்தப் பெட்டி வைத்திருப்பவருக்குக் குடும்பப் பதிப்பு தருவது பெரும்பாலும் தெளிவான பலகையும் புதிய படங்களும்தான். வெளிநாட்டிலிருந்து தருவித்த பெட்டிக்கு நாம் கொடுக்கும் விலையை நினைத்தால், கையேட்டின் பின்பக்கங்களை ஒருமுறை புரட்டுவது வீண் போகாது.

முதல் மூன்று ஆட்டங்களை எப்படி ஆடுவது?

வாங்கிவிட்டீர்கள் என்றால், முதல் ஆட்டத்தின் முடிவில் தீர்ப்பு சொல்லாதீர்கள். பழகியவர் முதல் ஆட்டத்தில் பழைய பழக்கத்தைக் கொண்டே ஆடுவார். வென்றால் எளிது என்பார், தோற்றால் அதிர்ஷ்டம் என்பார், இரண்டும் பெட்டியைப் பற்றிய உண்மை ஆகாது. முதல் ஆட்டத்தை விதிகள் கைக்குள் வருவதற்காக மட்டும் ஆடுங்கள். இரண்டாம் ஆட்டத்தில் முதலில் செய்ததற்கு முற்றிலும் மாறான வழியை வேண்டுமென்றே எடுங்கள்: லண்டனில் முதலில் நீண்ட சீட்டுகளை நம்பியிருந்தால், இப்போது வட்டாரப் புள்ளிகளையும் விரைவான முடிவையும் நம்புங்கள். இரண்டு வழிகளும் வெற்றிக்கு அருகில் கொண்டுபோனால் ஆட்டத்தில் ஆழம் இருக்கிறது. ஒரு வழி ஒவ்வொரு முறையும் மற்றதை நசுக்கினால், அந்த ஒரு வழியைத் தடுக்க எதிராளிக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று மூன்றாம் ஆட்டத்தில் சோதியுங்கள். தடுக்கவும் முடியவில்லை என்றால் பெட்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

இந்த மூன்றையும் உங்கள் அளவுக்குத் தேர்ந்த ஒருவரோடு ஆட வேண்டும் என்பது முக்கியம். புதியவரோடு மட்டும் ஆடி, எளிதாக வென்றுவிட்டேன், ஆழமில்லை என்று சொல்வதில் பொருளில்லை. அப்படி வெல்வது மூல ஆட்டத்திலும் நடக்கும். ஆடும்போது, உங்கள் முறை வந்த பிறகும் எதைச் செய்வது என்று தெரியாமல் கை நின்ற இடங்களை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர ஆட்டத்தில் அப்படி நான்கைந்து இடங்கள் வந்தால் எனக்கு அது நல்ல ஆட்டம். இரண்டு மணி நேர மூலத்தில் பத்து இடங்கள் வந்திருக்கலாம். நேரத்தோடு வகுத்துப் பார்த்தால் சிறிய பெட்டி பெரியதை முந்துவதும் உண்டு.

தேர்ந்த குழுவின் முன் வைப்பது

பழகியவர்கள் நிறைந்த மேசையில் எளிய பதிப்பு தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் ஆட்டம் காரணமல்ல, அதை முன்வைத்த விதம்தான் காரணம். பெரிய ஆட்டத்துக்கு என்று மூன்று மணி நேரம் ஒதுக்கி வந்தவர்கள் முன்னால் சின்னப் பெட்டியை வைத்தால், அவர்கள் அதை ஏமாற்றமாகத்தான் பார்ப்பார்கள். மாறாக, ஐந்தாவது ஆள் வரும் வரை காத்திருக்கும் நேரத்தில், அல்லது பெரிய ஆட்டம் முடிந்து கிளம்ப இன்னும் முக்கால் மணி இருக்கும்போது எடுத்தால், அதே ஆட்கள் இரண்டாம் முறையும் ஆடலாம் என்பார்கள்.

விளக்கும்போது சொல்லும் முதல் வாக்கியத்தில் கவனம் தேவை. இது சும்மா ஆடுவதற்கு, சிறுவர்கள்கூட ஆடலாம் என்று தொடங்கினால், கேட்பவர்கள் யோசிக்காமல் ஆடுவார்கள். யோசிக்காமல் ஆடினால் எந்த ஆட்டமும் ஆழமற்றதாகவே தோன்றும். மூலத்தோடு வேறுபடும் இடத்தை நேராகச் சொல்லுங்கள்: "பேருந்து பதினேழுதான், முடிவு திடீரென்று வரும், அடுத்தவர் கையிருப்பை எண்ணிக்கொண்டே இருங்கள்." பழகியவர்களுக்கு முழு விதியையும் மறுபடி சொல்ல வேண்டியதில்லை, மாறியவற்றை மட்டும் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தொடங்கிவிடலாம். ஜாஸ் ஆஃப் த லயனை மூலம் அறிந்தவர்களோடு ஆடுவதென்றால், கற்பிப்பதற்கான முதல் காட்சிகளை விளக்கமில்லாமல் ஒரே அமர்வில் ஆடி முடித்துவிடுவது நல்லது. இல்லையென்றால் தெரிந்ததையே கேட்டுக் கேட்டு அவர்கள் ஆர்வம் இழந்துவிடுவார்கள்.

மேசையில் பாதிப் பேர் பழகியவர்கள், பாதிப் பேர் புதியவர்கள் என்றால் எளிய பதிப்பின் உண்மையான பயன் அங்கேதான். மூல அக்ரிகோலாவில் அட்டைகளை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் உள்ள தூரம் முதல் அறுவடையிலேயே தெரிந்துவிடும். குடும்பப் பதிப்பில் எல்லாத் தகவலும் பலகையிலேயே திறந்திருப்பதால் புதியவர் தன் தோல்வியைப் புரிந்துகொண்டு தோற்பார், அடுத்த முறை திருத்திக்கொள்வார். இங்கே பழகியவர் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: விட்டுக்கொடுத்து ஆடுவது. புதியவர் அதைக் கண்டுகொள்வார், பழகியவருக்கும் ஆட்டம் கசக்கும். முழு மூச்சாக ஆடுங்கள். ஆட்டம் முடிந்த பின், நீங்கள் எந்தச் சுற்றில் எதைக் கண்டு பயந்தீர்கள் என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

இரண்டு பெட்டிகளும் உங்களிடம் இருந்து, சில மாதங்களாக ஒன்று மட்டுமே மேசைக்கு வந்திருந்தால், மற்றொன்றை விற்பதற்கு முன் யாருடன் ஆடினீர்கள் என்பதைப் பாருங்கள். குழு மாறினால் கணக்கும் மாறும்: இருவர் மட்டுமே இருக்கும் வீட்டில் ஆல் க்ரீச்சர்ஸ் அடிக்கடி இறங்கும், நால்வர் கூடும் வாரத்தில் பெரிய அக்ரிகோலா இறங்கும். ஆடும் ஆட்களின் எண்ணிக்கையும் கிடைக்கும் நேரமும் ஒன்றாகவே இருந்து, அப்போதும் ஒரு பெட்டியே திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மட்டும் மற்றதைக் கொடுத்துவிடலாம். அது மூலப் பெட்டியாக இருந்தாலும் தயங்க வேண்டியதில்லை.